நொச்சி சூடியவர் யார்? – ட்ரிம் கோட்டையில் ஒரு பகல்

டப்ளின் நகரில் பயணிகளுக்கென விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்களின் விளம்பரத் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கணக்குத் தென்படும். விடியலில் புறப்பட்டு இருட்டியபின் திரும்புவதற்குள் ஒரு கோட்டை, ஒரு மடாலயம், ஒரு கடற்பாறை. வழியில் உணவுக்கு ஒரு நிறுத்தம். கோட்டைக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் பாதி, நுழைவுச்சீட்டு வரிசைக்கும் நிழற்படங்களுக்கும் போய்விடும். இந்தக் கணக்கைப் பற்றி நமக்குச் சில ஐயங்கள் உண்டு. பயண வசதியைப் பற்றியவையாக மட்டும் இருந்திருந்தால் அவற்றை எழுத வேண்டியதில்லை. ஒரு பழங்கோட்டையை யார் காக்கிறார்கள், எதற்காகக் காக்கிறார்கள், எந்த நிலையில் வைத்துக் காக்கிறார்கள் என்ற வினாக்கள் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் அகப்படுவதில்லை. அயர்லாந்தைப் போன்ற, அயலார் ஆட்சியில் பல நூற்றாண்டுகளைக் கழித்த ஒரு நாட்டில் அவ்வினாக்களே முதன்மையானவை என்பது நம் கருத்து.

கருத்தரங்கு ஒன்றின்பொருட்டு டப்ளின் சென்றிருந்த நாங்கள் நால்வரும் தமிழ் கற்பிப்பவர்கள். எஞ்சியிருந்த ஒரே நாளைத் துண்டு போட மனமின்றி, மீத் மாவட்டத்திலுள்ள ட்ரிம் என்னும் சிற்றூர் ஒன்றையே தேர்ந்தோம். தலைநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஊர்மக்கள் ஏறி இறங்கும் சாதாரணப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கே பாய்ன் ஆற்றின் தென்கரையில், அயர்லாந்தின் நார்மன் கோட்டைகளுள் பரப்பால் மிகப் பெரியது நிற்கிறது. 30,000 சதுர மீட்டர் என்கிறார்கள். நம் கணக்கில் ஏழு ஏக்கருக்கு மேல்.

ஊர் எல்லையில் உள்ள பெயர்ப்பலகை இரு மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. மேலே ஐரிஷ், கீழே ஆங்கிலம். 'ட்ரிம்' என்பது ஐரிஷ் பெயர் ஒன்றின் கடைசித் துண்டு. முழுப்பெயரின் பொருள், எல்டர் என்னும் வெண்பூ மரங்கள் நிற்கும் ஆற்றுத்துறையின் ஊர் என்பது. ஆற்றைக் காலால் நடந்து கடக்கக்கூடிய துறை இருந்ததால் ஊர் அமைந்தது. அதே துறையைக் கைக்கொள்ளவே கோட்டையும் அமைந்தது. கோட்டைக்கு முந்திய ஊர், கோட்டையோடு வந்த மொழியில் தன் பெயரின் வாலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. பேருந்தைவிட்டு இறங்கியதும் முதலில் படிக்க வேண்டிய வரலாறு அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

*

கோட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லென்ஸ்டர் நாட்டு அரசுரிமையை இழந்த டெர்மட் மக்மர்ரோ, அதை மீட்கக் கடல் கடந்து துணை தேடினான். அவ்வழைப்பை ஏற்று 1169-இல் நார்மன் வீரர்கள் அயர்லாந்தில் இறங்கினர். வந்தவர்கள் தமக்கென ஓர் அரசை அமைத்துக்கொண்டுவிடுவார்களோ என்று அஞ்சிய இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி, 1171-இல் தானே படையுடன் வந்தான். மறு ஆண்டு மீத் நாடு முழுவதையும் ஹ்யூ டி லேசி என்னும் பிரபுவுக்கு வழங்கினான். ஈடாக அவன் கேட்டது ஐம்பது வீரர்களின் படைச்சேவை. கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் அந்த நிலம் அதற்குமுன் உரியதாக இருந்ததில்லை என்பதை அந்தக் கொடை ஆவணம் பொருட்படுத்தவில்லை.

டி லேசி ஆற்றங்கரை மேட்டில் முதலில் மண்ணாலும் மரத்தாலும் ஒரு காப்பரண் கட்டினான். ஓரிரு ஆண்டுகளுக்குள், அயர்லாந்தின் பேரரசனாக இருந்த ரோரி ஓ'கானர் படையோடு வந்தான். காவலுக்கு இருந்தவன் எதிர்த்து நிற்க இயலாமல் அரணுக்குத் தீவைத்துவிட்டு வெளியேறினான். அதற்குப் பிறகே கல்லில் வேலை தொடங்கியது. நடுவில் சதுரமான பெருங்கோபுரம்; அதன் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு துணைக்கோபுரம். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். பக்கங்களை எண்ணினால் இருபது. இன்று வடபுறத் துணைக்கோபுரம் இல்லை. மற்ற மூன்றும் நிற்கின்றன.

இங்கே தமிழ்ப் புறத்திணை மரபு நம் நினைவுக்கு வராமல் போகாது. மதிலை வளைப்பதும் காப்பதும் தொல்காப்பியருக்கு உழிஞை என்னும் ஒரே திணை. புறப்பொருள் வெண்பாமாலை, வளைப்பதை உழிஞை என்றும் காப்பதை நொச்சி என்றும் பிரித்தது. இரு நூல்களுக்கும் பொதுவான ஓர் எண்ணம் உண்டு. மதிலுக்குள் இருப்பவன் மண்ணுக்கு உரியவன்; வெளியே நிற்பவன் வந்தவன். ட்ரிம்மில் இது தலைகீழாகிறது. வந்தவன் உள்ளே இருந்து நொச்சி சூடுகிறான். மண்ணுக்குரியவன் வெளியே நின்று, தன் நிலத்தின்மீதே உழிஞை சூட வேண்டியிருக்கிறது. குடியேற்ற ஆதிக்கம் என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலும் என்று தோன்றவில்லை. இத்தகைய ஒரு மதிலைப் பிற்காலத்தில் மண்ணுக்குரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே நாம் கேட்கும் கேள்வி.

டி லேசி தன் கோட்டை முற்றுப்பெறுவதைக் காணவில்லை. 1186-இல் டர்ரோ என்னுமிடத்தில், கொலம்சில் துறவி நிறுவிய பழைய மடத்தின் நிலத்தில் இன்னொரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஐரிஷ் இளைஞன் ஒருவன் கோடரியால் அவன் தலையை வெட்டினான். உடல் ட்ரிம்முக்கு அருகிலுள்ள பெக்டிவ் மடத்துக்கும், தலை டப்ளினிலிருந்த தூய தாமஸ் மடத்துக்கும் போயின. முழு உடலும் யாருக்கு என்று இரு மடங்களும் வழக்காடி, 1205-இல் தீர்ப்பு டப்ளினுக்குச் சாதகமாக வந்தது. அவனைப் பற்றி இரு தரப்பு ஏடுகளும் பேசுகின்றன. வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட், அவனுடைய கறுத்த நிறத்தையும் தீப்புண் தழும்பேறிய கன்னத்தையும் ஓவியர்போல வருணிக்கிறார். ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளோ அவனைத் தேவாலயங்களைப் பாழாக்கியவன் என்று பதிந்துவிட்டு மேலே செல்கின்றன. ஒரே மனிதன், ஒரு தரப்புக்கு முகம், மறு தரப்புக்குச் செயல்.

*

கல்லைக் காக்க வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் அழகு, பெருமை, வருவாய் ஆகியவை. அயர்லாந்தைப் பொறுத்தவரை நான்காவதாக ஒரு காரணம் உண்டு. நம் பார்வையில் அதுவே வலிமையானது. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. இடைக்காலம் தொட்டுச் சேர்த்துவைக்கப்பட்டிருந்த நிலக்கொடைகள், வரிக்கணக்குகள், வழக்கு ஏடுகள், மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே நாளில் சாம்பலாயின. காகிதம் எரிந்துபோன நாட்டில் சுவரே ஏடாகிறது.

இது உருவகமாகச் சொல்லப்படுவதன்று. ட்ரிம் நடுக்கோபுரத்தின் சுவர்களில் வரிசை வரிசையாகச் சதுரத் துளைகள் தெரிகின்றன. கொத்தனார்கள் ஏறி நின்று வேலை செய்யச் சாரம் கட்டியபோது மரம் செருகிய துளைகள் அவை. சிலவற்றில் வெட்டப்பட்ட ஓக் மரத்துண்டுகள் எண்ணூறு ஆண்டுகளாக அப்படியே தங்கிவிட்டன. அம்மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணியே, கோபுரம் 1170-களில் தொடங்கி, இடைவெளிகள் விட்டு, 1200-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் முடிந்தது என்று ஆய்வாளர்கள் வகுத்தார்கள். டி லேசி தொடங்கினான், மகன் வால்டர் முடித்தான் என்ற கதைக்கு உறுதியான சான்று அரசனின் முத்திரையிலிருந்து கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு சாரம் கட்டுபவன் பிடுங்காமல் விட்டுப்போன கட்டையிலிருந்து கிடைத்தது. அந்தத் துளைகளை அழகு கருதிப் பூசி மெழுகியிருந்தால் இந்த ஏடும் எரிந்த ஏடுகளோடு சேர்ந்திருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1971-இல் நடுக்கோபுரத்துக்குத் தெற்கே நடந்த அகழாய்வில் தலையில்லாத பத்து ஆண்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1465-இல், நான்காம் எட்வர்டின் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. திருடியவர்களையும் திருடப் போகிறவர்களையும்கூடத் தலைவெட்டி, தலைகளை ஈட்டியில் குத்தி வைக்கலாம் என்றது அது. அப்பத்துப்பேரும் அச்சட்டத்தின்படி கொல்லப்பட்டவர்களாகலாம் என்று கருதுகிறார்கள். 'திருடப் போகிறவன்' என்பதை எதைக்கொண்டு முடிவு செய்தார்கள்? மாட்சி மிகுந்த மண்டபங்களின் நடுவே இந்தப் பத்துப்பேருக்கும் ஓர் இடம் வேண்டும். கோட்டையில் தங்கிய அரசகுமாரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பின்னாளில் ஐந்தாம் ஹென்றியாகப் போகும் சிறுவனை 1399-இல் இரண்டாம் ரிச்சர்ட் இங்கேதான் விட்டுவைத்திருந்தான். பத்துப்பேரில் ஒருவருடைய பெயரும் தெரியாது. சிதைவை உள்ளபடியே வைத்திருக்கும் இடத்தில்தான் பெயர் உள்ளவர்களும் பெயர் இல்லாதவர்களும் ஒரே மண்ணில் அருகருகே தென்படுகிறார்கள்.

*

தோற்றவர்கள் வென்றவனின் மதிலை இடித்துப் போட்டிருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும். ட்ரிம் ஊர்க்காரர்கள் தீ வைக்கத் தெரியாதவர்களும் அல்லர். 1920 செப்டம்பரில், விடுதலைப் போரின்போது, ஊரிலிருந்த காவல் படை முகாமைப் போராளிகள் கைப்பற்றி எரித்தனர். பழிவாங்க வந்த பிரிட்டிஷ் படையினர் மறுநாள் ஊரின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினர். சில மாதங்கள் கழித்து, 1921 பிப்ரவரியில், பக்கத்து ஊரான சம்மர்ஹில்லில் நிலவுடைமைப் பிரபு ஒருவரின் பெருமாளிகை எரிக்கப்பட்டது. மீந்திருந்த மாளிகைச் சுவர்களும் 1957-இல் இடிக்கப்பட்டன. நாடு முழுவதும் இத்தகைய மாளிகைகள் நூற்றுக்கணக்கில் எரிந்த காலம் அது. முகாமும் மாளிகையும் உயிரோடிருந்த அதிகாரத்தின் சின்னங்கள். மக்களின் சினம் அவற்றை நோக்கிச் சென்றது. கோட்டையின் அதிகாரம் அதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போயிருந்தது. அதனால் அது தப்பியது.

தப்பியதனாலேயே மதிக்கப்பட்டது என்றும் சொல்ல இயலாது. கோட்டை நிலம் தனியார் பிரபுக் குடும்பம் ஒன்றின் கையில் இருந்தது. ஊர் மன்றத்துக்கு அதன் ஒரு பகுதி வாடகைக்கு விடப்பட்டபோது, ஊர்க்குப்பையைக் கொட்டும் இடமாகவும் அது சில காலம் பயன்பட்டிருக்கிறது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 1993-இல் அரசு அதை விலைக்கு வாங்கியது. விற்றவர் தமக்கென வைத்துக்கொண்டவை, ஆற்றுக்குச் செல்லும் வழியும் மீன்பிடி உரிமையும் மட்டுமே. ஆய்வும் பராமரிப்பும் முடிந்து 2000-இல் கோட்டை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பொறுப்பேற்றிருக்கும் பொதுப்பணி அலுவலகம் 1831-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தோன்றிய அமைப்பு என்பதும் கவனத்துக்குரியது. ஆண்டவர்களின் அலுவலகத்தையே எடுத்துக்கொண்டு, ஆண்டவர்களின் கோட்டையைக் காக்கிறார்கள்.

எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதே எங்களைக் கவர்ந்தது. நடுக்கோபுரத்துக்குள் வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடிந்தது. உள்ளே பழைய தளங்கள் இல்லை. புதிதாக மரத்தளம் போட்டு மூடவும் இல்லை. சுவர்களுக்கிடையே இக்காலத்துப் பொருள்களால் நடைபாதைகள் அமைத்திருக்கிறார்கள். அவை தம்மைப் பழையவையாகக் காட்டிக்கொள்வதில்லை. மேலே மழைக்கு ஒரு காப்புக்கூரை. ஒரு காலத்தில் எரிந்த அடுப்பங்கள் இன்று அந்தரத்தில், தரையற்ற சுவரின் நடுவில், வாய் திறந்து நிற்கின்றன. எது பன்னிரண்டாம் நூற்றாண்டு, எது நேற்றையது என்பதில் பார்ப்பவருக்கு மயக்கமே வருவதில்லை. இந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

*

இந்த நேர்மைக்கு எதிரான இழுப்புகளும் அங்கேயே இருக்கின்றன. எங்கள் குழுவில் இருபதுபேர் இருந்தோம். திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனைபேர் என்று வழிகாட்டிப் பெண்மணி கேட்டபோது பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. மெல் கிப்சனின் 'பிரேவ்ஹார்ட்' 1994-இல் இங்கே படமாக்கப்பட்டு 1995-இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்து வீரன் வாலஸ் இங்கிலாந்தின் யார்க் நகரத்தை முற்றுகையிடும் காட்சிக்கு ட்ரிம் கோட்டைதான் யார்க்காக வேடமிட்டது. அயர்லாந்தின் துணைப்படை வீரர்கள் இடைக்காலப் போர்வீரர்களாக நடித்தனர். இதில் வேடிக்கை என்னவென்றால், வாலஸ் யார்க்கைப் பிடித்ததாக வரலாறு இல்லை. நடக்காத ஒரு முற்றுகையைக் காண மக்கள் கண்டம் விட்டுக் கண்டம் வருகிறார்கள். அதே மேட்டில் உண்மையாகவே நடந்த ஓ'கானரின் முற்றுகையைக் கேட்டு வந்தவர் அன்று எவரும் இல்லை.

திரைப்படத்தைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அது பலரை ஊருக்கு அழைத்து வந்தது. ஊரில் அடுப்பெரிய உதவியது. ஆனாலும் இரவல் கதை சொந்தக் கதையின் இருக்கையில் அமர்ந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அயர்லாந்தின் மற்றக் கோட்டைகளிலும் இதன் வெவ்வேறு வடிவங்களைக் காணலாம். கார்க் அருகிலுள்ள பிளார்னியில், மதிலுச்சியில் மல்லாந்து தலையைத் தொங்கவிட்டு ஒரு கல்லை முத்தமிட்டால் நாவன்மை வாய்க்கும் என்கிறார்கள்; வரிசை கல்லுக்குத்தான், கோட்டைக்கு அன்று. பன்ராட்டிக் கோட்டையில் 1963 முதல் இடைக்கால விருந்து என்ற பெயரில் ஆடை, பாடல், கரியடுப்பு மணம் எல்லாவற்றோடும் இரவுணவு பரிமாறப்படுகிறது. கில்கென்னிக் கோட்டையை 1967-இல் பட்லர் குடும்பத்தினர் ஐம்பது பவுனுக்கு ஊருக்குக் கொடுத்தார்கள். இன்று அதன் கூடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வர் இல்லமாக ஒப்பனை செய்யப்பட்டிருக்கின்றன.

எங்களுள் மூத்தவரான பேராசிரியை ஒருவர் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. "மொட்டைச் சுவரை வாசிக்கப் படித்தவனுக்குத்தான் முடியும். ஒரு குழந்தையைக் கூட்டி வந்தால் இதில் என்ன காட்டுவீர்கள்? கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, மனிதர் எங்கே? ஒரு கூடத்தையாவது அன்றிருந்தபடி அமைத்துக் காட்டலாமே" என்றார். கில்கென்னியில் குடும்பங்கள் மகிழ்வதையும் பன்ராட்டியில் ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைப்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சிதைவை விரும்புவதில் படித்தவர்களின் ஒருவகைப் பகட்டும் கலந்திருக்கக்கூடும்.

இருப்பினும் நம் விடை இது. அன்றிருந்தபடி என்று எந்த நாளைச் சொல்கிறோம்? டி லேசியின் நாளா, ஹென்றி விளையாடிய நாளா, பத்துப்பேரின் தலை விழுந்த நாளா? கூடத்தை அணிசெய்யும்போது நாம் ஒரு நாளைத் தேர்கிறோம். தேரப்படும் நாள் பெரும்பாலும் விருந்து நடந்த நாளாகவே இருக்கும். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் மீண்டும் வருவார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் வரமாட்டார்கள். சிதைவில் எல்லா நாள்களும் சமமாக மிஞ்சுகின்றன. குழந்தைக்குக் கட்டில் காட்ட முடியாமற்போகலாம்; சாரத்துளையைக் காட்டலாம். அதில் விரல் வைத்து, இங்கே ஒருவன் நின்று வேலை செய்தான் என்று சொல்லலாம். அதைப் புரிந்துகொள்ளக் குழந்தைக்குப் பட்டம் தேவையில்லை. நல்ல வழிகாட்டியும் அவசரமில்லாத ஒரு பொழுதும் போதும்.

*

கோபுர உச்சியிலிருந்து நாற்புறமும் பார்த்தோம். ஆற்றுக்கு அப்பால் மஞ்சள் கோபுரம் என்று அழைக்கப்படும் பழைய மடத்தின் மணிக்கூண்டு, பாதி இடிந்து ஒற்றைச் சுவராக நிற்கிறது. அம்மடத்தில் மக்கள் வழிபட்ட மாதா சிலை 1538-இல், சமயச் சீர்திருத்தக் காலத்தில் அழிக்கப்பட்டது. அதனருகே டால்பட் மாளிகை. கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன் சிறுவயதில் அங்கே தன் சிற்றப்பாவின் பள்ளியில் வளர்ந்தார். அரபியும் பாரசீகமும் சமஸ்கிருதமும் அப்போதே அவருக்குக் கற்பிக்கப்பட்டன. சற்றுத் தொலைவில் லாரகார். 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் பாதிரியாராக இருந்த ஊர். இவ்வளவையும் ஒரே பார்வையில் காட்டும் உச்சி, ஊரின் நடுவே நெடிய தூண் ஒன்றையும் காட்டியது. அதன்மேல் நிற்பவர் வெலிங்டன் கோமகன். தூண் எழுப்பப்பட்டது 1817-இல்.

இந்தத் தூணுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. வெலிங்டன் ஆவதற்குமுன் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்தவர், 1790-இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் ட்ரிம் தொகுதியின் உறுப்பினரானார். குடும்ப மாளிகை அருகே டேங்கன் என்னுமிடத்தில் இருந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகையில் அவர் படைத்தலைவர்களுள் ஒருவர். அவருடைய தமையன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அவர் பதவியிலிருந்த ஆண்டுகளில்தான் 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் ஊமைத்துரை சிறைமீண்டு சில நாள்களுக்குள் மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையும் அதே ஆண்டில் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. கல்கோட்டையின் நிழலில் வளர்ந்த குடும்பத்தினரின் ஆட்சி, நம் மண்கோட்டையை அடையாளமின்றி அழித்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை ஒன்றை எழுப்பியது. பழைய கோட்டையின் அடித்தளச் சிதைவுகளும் அங்கே உண்டு. அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் புதிய கோட்டையைப் பார்த்துவிட்டு, கூத்திலும் திரையிலும் கேட்ட வசனங்களை நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தோற்கடிக்கப்பட்டவனுக்கு நினைவு எழுப்பியது நியாயமே. வென்றவன் தடயமின்றித் துடைத்த இடத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. ஆயினும் அழிக்கப்பட்ட அந்த அடித்தளமே வென்றவனின் செயலுக்கு நேரடிச் சாட்சி. புதிய சுவரைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பழைய அடித்தளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ட்ரிம்மின் உச்சியில் நின்றபோது எங்களுக்குத் தோன்றியது. ஐரிஷ்காரர்கள் பகைவனின் கல்லுக்குக் காட்டும் பொறுமையை, நாம் நம் சொந்த மண்ணுக்குக் காட்டலாம்.

*

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நம் விடையைச் சொல்லிவிடலாம். வென்றவனின் மதிலைக் காப்பது வென்றவனைப் போற்றுவதாகாது. வைத்திருப்பவன் மாறும்போது மதிலின் பொருளும் மாறுகிறது. அச்சுறுத்தக் கட்டப்பட்ட சுவர் இன்று வாக்குமூலமாக நிற்கிறது. ஆனால் அந்த வாக்குமூலம் செல்ல வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. காப்பவர்கள் அதற்கு ஒப்பனை செய்யக்கூடாது. காண வருபவர்கள் அவசரப்படக்கூடாது. முதலாவதை ட்ரிம்மில் பெரும்பாலும் நிறைவேற்றியிருக்கிறார்கள். கோட்டைக்கு எதிரிலேயே பெரிய விடுதி ஒன்று கட்ட இசைவு தரப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, அந்தக் காவல் நாள்தோறும் செய்யப்பட வேண்டியது என்பதைக் காட்டியது. இரண்டாவது நிபந்தனை நம் கையில் இருக்கிறது.

ஆகவே அயர்லாந்து செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளுக்கு ஒரு கோட்டை போதும். சுற்றுலா வண்டியைத் தவிர்த்து, ஊர்ப்பேருந்தில் செல்லுங்கள். ஊரின் பெயர்ப்பலகையை இரு மொழிகளிலும் படியுங்கள். வழிகாட்டியிடம் திரைப்படத்தைப் பற்றிக் கேட்பதற்குமுன் ரோரி ஓ'கானரைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். கோபுரத்தைவிட்டு இறங்கியபின் மதிலுக்கு வெளியே சென்று, ஆற்றங்கரைப் பாதையில் கோட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்குமுன் உழிஞை சூடியவர்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்தச் சுவரைப் பார்த்தார்கள். நொச்சி இப்போது அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் இருக்கிறது.